பின்வலது டயரின் சித்தப்பா

கார்ப் பந்தயம் ஓட்டுகிறவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர் விழுவதைவிடப் பெரிய அவமானம் வேறு இருக்க முடியாது. ஆனால் விழுந்துவிட்டது. பதினோரு வருஷமாக ஓட்டுகிறார். பதினோரு வருஷமும் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்து சேர்ந்திருக்கிறார். முன்னால் போனவன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான், பின்னால் வந்தவன் புல்லில் உருண்டு கிடப்பான், இவர் மட்டும் அலுங்காமல் குலுங்காமல் வந்து இறங்குவார். வண்டியில் ஒரு கீறல் இருக்காது. முதலாளிக்குக் கீறல் இல்லாத வண்டி பிடித்திருந்தது, அதனால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

நோய் வந்த வருஷம் அந்தப் பிழைப்புக்கு வேட்டு வைத்தது. நோய் வைக்கவில்லை. பந்தயக் கூட்டமைப்பு வைத்தது.

ஊர் உலகமெல்லாம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தபோது, கூட்டமைப்பு மட்டும் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதியது. 'ஓட்டுநர் உடல்நலப் பாதுகாப்புக் கையேடு.' இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் பதினெட்டுப் பக்கங்களில் கூட்டமைப்புத் தலைவர் முகக்கவசம் அணிந்து, கழற்றி, மறுபடி அணிந்து காட்டும் படங்கள். மீதியில் விதிகள்.

நாற்பதாம் பக்கம் இப்படிச் சொன்னது: பருவம் தொடங்கும் முன் நடக்கும் மூன்று நாள் சோதனை ஓட்டத்தில் ஓட்டுநர் நூறு சுற்று ஓட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வருஷம் உரிமம் கிடையாது. நாற்பத்தொன்றாம் பக்கம் இப்படிச் சொன்னது: பத்துச் சுற்றுக்கு ஒரு முறை, மற்றும் காரை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும், காய்ச்சல் பார்க்கப்படும். முப்பத்தேழரை டிகிரியைத் தொட்டால் நான்கு மணி நேரம் தனிமை.

பந்தயக் கார் என்பது ஓர் அடுப்பு. அதற்குள் மூன்று அடுக்குத் தீப்பிடிக்காத துணி போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இறங்கும்போது அவர் உடம்பு சுடாமல் இருந்தால்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அந்த இரண்டு பக்கங்களும் எதிரெதிரே அச்சாகியிருந்தன, புத்தகத்தை மூடினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூடிய யாரும் மறுபடி திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

சோதனை ஓட்டத்தின் முதல் நாள் காலையில், தரையில் சாக்பீஸால் போட்ட வட்டங்களுக்குள் எல்லோரையும் நிறுத்திவைத்து, உடல்நலக் கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியில் பேசினார். கேட்க ஆறு பேர் இருந்தோம் என்று பின்னால் ஒரு மெக்கானிக் சாட்சி சொன்னார். கண்காணிப்பாளர் இதற்கு முன் கூட்டமைப்பில் கொடிக்கம்பங்களின் உயரத்தைக் கண்காணித்தவர். அந்த அனுபவம் குரலில் தெரிந்தது.

"இந்தத் தடத்தில் இதுவரை பன்னிரண்டு ஓட்டுநர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தொற்றுநோயால் இறக்கவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தச் சாதனையைக் காப்பாற்றவே நான் வந்திருக்கிறேன். சுவரில் மோதி இறப்பது வேறு துறை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை."

மெக்கானிக்குகள் கைதட்டினார்கள். தட்டிய கையை உடனே கழுவச் சொன்னார்.

நிதானம் நூறு சுற்றைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார். நான்காவது வட்டத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்தான் அதற்குக் காரணம். முதலாளி மனைவியின் தம்பி. முதலாளி 'மச்சான்' என்று கூப்பிடப் போய் பட்டறை முழுக்க அதுவே பெயராகிவிட்டது. குழுவின் மாற்று ஓட்டுநர். நிதானத்துக்கு உரிமம் கிடைக்காவிட்டால் இருக்கை அவருக்கு. மாற்று ஓட்டுநருக்கு நூறு சுற்று விதி கிடையாது. ஓட்டாமல் இருப்பதுதானே அவர் வேலை.

"தப்பா எடுத்துக்காதீங்க, சீட்டுக்கு என் முதுகு அளவு கொடுத்துட்டேன். சும்மா ஒரு முன்னேற்பாட்டுக்குத்தான்" என்றார் மச்சான்.

கார் பத்தடி தூரத்தில் நின்றது. ஆனால் தரையில் அம்புக்குறிகள் வரைந்திருந்தார்கள், எல்லோரும் ஒரே திசையில்தான் போகவேண்டும். நிதானம் கழிப்பறை வழியாக, சாப்பாட்டு அறை வழியாக, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காருக்கு வந்து சேர்ந்தார். இந்தச் சுற்றைக் கணக்கில் சேர்ப்பீர்களா என்று கேட்டார். மாட்டார்களாம்.

பெல்ட் போடுவது அடுத்த கூத்து. ஓட்டுநரின் பெல்ட்டை இன்னொருவர்தான் இழுத்து மாட்டவேண்டும். ஆனால் யாரும் யாரையும் இரண்டு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. டயர்க்காரர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பதினெட்டு வருஷமாக இந்தக் குழுவுக்கு டயர் பார்க்கிறவர், நிதானத்தைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு நீளக் கம்புகளின் நுனியில் கொக்கி கட்டி, தூர நின்று பெல்ட்டை மாட்டினார். நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் இரண்டு தடவை விலாவில் குத்தினார்.

"அண்ணே, மெதுவா!"

"நான் என்னடா பண்ண? காரைக் குத்துறேன்னு உன்னைக் குத்துறேன். ஆடாம இரு."

கிளம்பப் போகும்போது கண்காணிப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். முகக்கவசம் எங்கே என்றார். ஹெல்மெட் போட்டிருக்கிறேன், முகமே வெளியே தெரியவில்லையே என்றார் நிதானம். கண்காணிப்பாளர் புத்தகத்தைப் புரட்டினார். அங்கீகரிக்கப்பட்ட முகக்கவசங்களின் பட்டியலில் ஹெல்மெட் இல்லை. அதனால் ஹெல்மெட்டுக்கு மேல், வாய் இருக்கும் இடம் பார்த்து, ஒரு முகக்கவசம் கட்டினார்கள்.

நாலாவது சுற்றில் அது பறந்தது. முதலில் கண்ணாடியை மறைத்தது, பிறகு வானத்தில் போனது. உடனே சிவப்புக் கொடி. கழன்று விழுந்த முகக்கவசம் அபாயக் கழிவு, கிடைக்கும்வரை தடத்தில் யாரும் ஓட்டக்கூடாது. ஒன்றரை மணி நேரம் தேடி, வேலியில் சிக்கியிருந்ததை இடுக்கியால் எடுத்து வந்தார்கள். நிதானத்தை இறக்கி, நெற்றியில் காட்டினால் காய்ச்சல் சொல்லும் துப்பாக்கியைக் கண்காணிப்பாளர் நீட்டினார். வெயிலில் காருக்குள் காத்துக்கிடந்த நெற்றி, சும்மா இருக்குமா? முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

"காய்ச்சல்" என்றார் கண்காணிப்பாளர்.

"காய்ச்சல் இல்லைங்க. கார் ஓட்டினேன், அதான்."

"காய்ச்சல்காரங்க எல்லாருமே ஒரு காரணம் வச்சிருப்பாங்க. ஒருத்தர் வெயில்ம்பார், ஒருத்தர் போர்வைம்பார். நீங்க கார்ங்கறீங்க."

தனிமை அறை தடத்தின் ஓரத்தில் ஒரு தகர அறை. ஓர் இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, ஒரு வாளி, சுவரில் தலைவரின் படம். நான்கு மணி நேரம் நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே விடவும் சும்மா விடவில்லை. விடுவிப்புப் படிவத்தில் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். குடும்பம் இருநூறு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. டயர்க்காரர் பேனாவை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்காணிப்பாளருக்குப் படிவம் நிரம்பினால் போதும். பொழுது சாய்வதற்குள் இன்னும் மூன்று சுற்று ஓட்ட முடிந்தது.

மூன்று நாளில் நூறு. முதல் நாள் ஏழு.

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நோயாளிகள் வார்டில் வேலை. அந்த மாதம் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசியதே குறைவு.

"உங்களுக்குக் காய்ச்சல்னு கூட்டமைப்பிலிருந்து எனக்கு மூணு தடவை போன் வந்துடுச்சு" என்றார் மனைவி. "இங்க முப்பது கட்டிலுக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் இருக்கு. அதுவும் நேரத்துக்கு ஒண்ணு காட்டுது. பாதிப் பேருக்குக் கையைத் தொட்டுத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். உங்க ஒரு நெத்தியைப் பாக்க அங்க ஒரு ஆபீசரா?"

நிதானத்துக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ அவரே அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி.

இரண்டாம் நாள் டயர்க்காரர் ஒரு பை ஐஸ்கட்டியோடு வந்தார். "அஞ்சு சுத்துல உள்ள வா. அந்தாளு அம்புக்குறி பாத்து நடந்து வர்றதுக்கு மூணு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நெத்தியைக் குளுகுளுன்னு ஆக்கிடலாம்."

சொன்னபடியே நடந்தது. ஐஸ்பையைக் கம்பு நுனியில் மாட்டி நிதானத்தின் நெற்றியில் வைத்து அழுத்தினார். கண்காணிப்பாளர் கட்டடத்தைச் சுற்றி வந்து சேர்ந்து துப்பாக்கியை நீட்டினார். முப்பத்தொன்று.

ரொம்பக் குளிர்ந்துவிட்டது. கண்காணிப்பாளர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தார். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால்: கருவிக் கோளாறு. கோளாறான கருவியைப் பதினான்கு நாள் தனிமையில் வைக்கவேண்டும். துப்பாக்கியை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டினார். அதற்கும் ஒரு விடுவிப்புத் தேதி எழுதினார்.

"அது நல்லாத்தாங்க இருக்கு. நெத்திதான் ஐஸு" என்றார் நிதானம்.

"கருவிக்காகப் பரிஞ்சு பேசாதீங்க."

இனி எதால் பார்ப்பது? வளாகத்தில் இன்னொரு துப்பாக்கிதான் இருந்தது. டயர்க்காரருடையது. டயர் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்கிற துப்பாக்கி, ரப்பர்த் தூசி படிந்து கன்னங்கரேலென்று இருந்தது. கண்காணிப்பாளர் அதைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து அங்கீகரித்தார். ஒரு கருவிக்கு ஒரே பதிவேடுதான் இருக்கவேண்டும் என்பது கூட்டமைப்பின் விதி. ஆக, டயர் சூடும் ஓட்டுநர் சூடும் ஒரே பதிவேட்டில் ஏறவேண்டும் என்று முடிவானது.

இங்கேதான் கதை தடம் மாறியது.

டயர்க்காரர் பதினெட்டு வருஷமாக ஒரே ஒழுங்கில் அளக்கிறவர். கார் உள்ளே வந்ததும் முன்னிடது, முன்வலது, பின்னிடது, பின்வலது. அளந்து வரிசையாக எண்ணை மட்டும் எழுதுவார், பெயர் எழுதமாட்டார். எந்த எண் எந்த டயர் என்பது அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியவேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. பத்துச் சுற்று ஓட்டிவிட்டு நிதானம் உள்ளே வந்தபோதும் அப்படித்தான் எழுதினார். தொண்ணூற்றொன்று, எண்பத்தொன்பது, எண்பத்தாறு, எண்பத்துநான்கு. கடைசியாக நிதானத்தின் நெற்றி, முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

கண்காணிப்பாளரின் படிவத்திலும் ஐந்து கட்டங்கள் இருந்தன. ஆனால் தலைப்பிலேயே 'மனிதனுக்கே முதலிடம்' என்று அச்சடித்திருந்தார்கள். முதல் கட்டம் ஓட்டுநருக்கு, மற்ற நான்கும் டயர்களுக்கு. அவர் பதிவேட்டைப் பார்த்து வரிசை மாறாமல் எழுதிக்கொண்டு போனார். எழுதி முடித்து, உரக்கப் படித்தார்.

"ஓட்டுநர், தொண்ணூற்றொன்று."

கண்காணிப்பாளர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே கீழே போனார். முப்பத்தேழரையிலிருந்து நாற்பத்திரண்டு வரை: தனிமை. அதற்குக் கீழே வெற்றுத்தாள். அதற்கும் கீழே தலைவரின் படம்.

"நாற்பத்திரண்டுக்கு மேல விதி எதுவும் இல்லை. விதி இல்லாத இடத்துல தடையும் இல்லை. நீங்க போய் ஓட்டலாம். தண்ணி நிறையக் குடிங்க."

நிதானம் வாயைத் திறந்தார். பேச்சு வருவதற்குள் விலாவில் கம்பு குத்தியது.

"வாயை மூடிட்டு உக்காரு. தொண்ணூத்தொண்ணுக்குத் தடை இல்லையாம்" என்று டயர்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கண்காணிப்பாளர் இன்னும் படித்து முடிக்கவில்லை. "பின்வலது, முப்பத்தெட்டு புள்ளி நான்கு. இதை உடனே தனிமைப்படுத்தணும்."

"அது டயருங்க" என்றார் டயர்க்காரர்.

"'பதிவேட்டில் ஏறிய எந்த அளவும்'னுதான் விதியில இருக்கு. ஆளா டயரான்னு கூட்டமைப்பு பாகுபாடு பாக்கறதில்லை."

எழுதினதில் தப்பு இருந்தால் திருத்தலாமே என்று ஒரு மெக்கானிக் மெல்லக் கேட்டார். திருத்தலாம், அதற்குத் திருத்தக் குழு கூடவேண்டும் என்றார் கண்காணிப்பாளர். குழுவில் ஏழு பேர். நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று போன வாரம்தான் கூட்டமைப்பு விதி போட்டிருந்தது.

பின்வலது டயரைக் கழற்றி, உருட்டக்கூடாது, நோயாளியை உருட்டலாமா என்று தூக்கிக்கொண்டே போய், இரும்புக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். புது டயர் மாட்டி நிதானம் கிளம்பினார். அன்றைக்கே இன்னும் இரண்டு முறை உள்ளே வந்தார். இரண்டு முறையும் முன்னிடது டயரின் சூடு அவர் பேரில் ஏறியது, அவருடைய காய்ச்சல் பின்வலதின் பேரில் ஏறியது. இரண்டு டயர்கள் தனிமைக்குப் போயின. நாள் முடிவில் நாற்பத்திரண்டு சுற்று.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று மனைவி போனில் கேட்டார்.

"தொண்ணூத்தொண்ணு."

"கிலோவா? எறங்கிட்டீங்க போலிருக்கே."

"டிகிரி."

மறுமுனையில் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டு வருகிற சிரிப்பு. வார்டு வராந்தாவில் நின்றுகொண்டு இப்படிச் சிரிக்கிறாளே, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நிதானத்துக்குத் தோன்றியது. இருந்தாலும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. இரண்டு மாதமாகக் கேட்காத சிரிப்பு அது.

"எப்படியாவது ஓட்டி முடிச்சிடுங்க" என்றார் மனைவி, சிரிப்பு அடங்கியதும். "உங்களை வீட்ல வச்சுக்கிட்டு என்னால முடியாது. போன வருஷம் கால்ல அடிபட்டு இருந்தப்போ என் மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

மூன்றாம் நாள் ஐம்பத்தெட்டு சுற்று பாக்கி. காலையிலிருந்து நிதானம் ஓட்டிக்கொண்டே இருந்தார். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை உள்ளே வருவார், தொண்ணூறு சொச்சம் டிகிரி என்று பதிவாகும், ஒரு பின்வலது டயர் கட்டிலுக்குப் போகும். தகர அறையில் இடம் போதாமல் நாற்காலிகள் போட்டு டயர்களை உட்காரவைத்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். மதியம் கண்காணிப்பாளர் சாப்பாட்டோடு போய் வந்து, எல்லார் படிவத்திலும் 'பசியில்லை' என்று எழுதினார்.

தொண்ணூற்றிரண்டாவது சுற்று முடிந்து உள்ளே வந்தபோது, எட்டாவது பின்வலது தனிமைக்குப் போனது. டயர்க்காரர் அலமாரியைத் திறந்து காட்டினார். முன்னிடது இருந்தது, முன்வலது இருந்தது, பின்னிடது இருந்தது. பின்வலது ஒன்றுகூட இல்லை. இடதைத் தூக்கி வலதில் மாட்டினால் அது வேறு குற்றம், அதற்குத் தனிப் புத்தகம் இருக்கிறது.

இன்னும் எட்டே சுற்று. நேரம் முடிய முப்பத்தைந்து நிமிஷம்.

மச்சான் எழுந்து நின்று சோம்பல் முறித்தார். "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டீங்க. அத்தான்கிட்ட நல்லபடியா சொல்றேன்."

நிதானத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பதினோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியதற்கு இதுவா பலன் என்று நினைத்தார். மூன்று டயரும் ஒரு மொட்டை அச்சுமாக நின்ற காரைப் பார்த்தபோதுதான் முதல் நாள் ஞாபகம் வந்தது. அவரை வெளியே விட்டார்களே!

"அண்ணே, நேத்து மொதல்ல படுத்த டயரு! நாலு மணி நேரம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. அதுக்குக் காய்ச்சல் இல்லைன்னா டிஸ்சார்ஜ் பண்ணித்தானே ஆகணும்?"

டயர்க்காரர் யோசித்தார். கட்டிலில் கிடக்கிற டயர் நன்றாகக் குளிர்ந்து போயிருக்கும். இருபத்துநாலு, இருபத்தஞ்சுதான் காட்டும். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் கருவிக் கோளாறு, இந்தத் துப்பாக்கியும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். பிறகு எல்லாம் அவ்வளவுதான்.

"நோயாளிக்குப் போர்வை போத்தலாங்களா?" என்று கண்காணிப்பாளரிடம் பவ்வியமாகக் கேட்டார்.

"தாராளமா. மனிதாபிமானம் ரொம்ப முக்கியம்."

ஓட்டத்துக்கு முன் டயரைச் சூடாக்க மின்சாரப் போர்வை ஒன்று உண்டு. சுற்றிக் கட்டி, திருகில் எத்தனை டிகிரி வைக்கிறோமோ அத்தனை டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தும். எண்பதிலும் தொண்ணூறிலுமே வைத்துப் பழகிய டயர்க்காரர், வாழ்க்கையில் முதல் முறையாக அதை முப்பத்தாறரையில் வைத்தார். பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். நிதானம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த யாருக்கும், உள்ளே யாரோ சீரியஸாக இருக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

போர்வையை விலக்கிக் கண்காணிப்பாளர் துப்பாக்கியை நீட்டினார். முப்பத்தாறு புள்ளி ஆறு.

"பூரண குணம்" என்றார். குரல் லேசாகத் தழுதழுத்தது. "எங்கள் முறைகளில் குணமான முதல் நோயாளி. குடும்பத்தார் யாராவது இருக்கீங்களா?"

டயர்க்காரர் முன்னால் வந்தார். "பதினெட்டு வருஷமா இதுங்களை வளக்கறேன். அப்பான்னே போட்டுக்கங்க."

கண்காணிப்பாளர் எழுதினார். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, முதல் நாள் படிவத்தை எடுத்துப் பார்த்தார். விரல்விட்டு ஏதோ எண்ணினார்.

"அன்னைக்கு ஓட்டுநருக்கு அண்ணன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே? அப்போ ஓட்டுநர் இதுக்குச் சித்தப்பா முறையா?"

நிதானமும் டயர்க்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமாங்க" என்றார் நிதானம். வேறு என்ன சொல்ல?

கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. "ரெண்டு நாளா எனக்கு இது உறுத்திக்கிட்டே இருந்தது. ஒரு மனுஷனுக்கு எப்படித் தொண்ணூத்தொண்ணுன்னு. இப்பத்தான் புரியுது. உங்க குடும்பத்துக்கே சூட்டு உடம்பு!" நிதானத்தின் படிவத்தை எடுத்து, 'இயல்பு வெப்பநிலை 91, பரம்பரை' என்று எழுதி முத்திரை குத்தினார். பிறகு டயரை ஒப்படைத்துவிட்டு, நிதானத்தின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினார். "புள்ளை இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கு. சித்தப்பாவா லட்சணமா, பாத்து ஓட்டுங்க."

பதினெட்டு நிமிஷம் இருந்தது. ஏற்கெனவே ஓடித் தேய்ந்த டயர் அது, ஓரமெல்லாம் பிசிறடித்துக் கிடந்தது. வேறு யாராவது ஓட்டியிருந்தால் மூன்றாவது வளைவிலேயே வெடித்திருக்கும். நிதானம் ஓட்டினார். வளைவுக்கு முன்பே மெல்ல வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் பாரம் விழாமல், காரைக் கையில் ஏந்துகிற மாதிரி திருப்பி, ஒவ்வொரு சுற்றாகக் கொண்டுவந்து சேர்த்தார். பதினோரு வருஷமாக ஊர் எதைச் சொல்லிச் சிரித்ததோ அதுதான் அந்த எட்டு சுற்றையும் ஓட்டியது. நூறாவது சுற்றில் கோட்டைத் தாண்டியபோது ஹெல்மெட்டுக்குள்ளேயே ஓவென்று கத்தினார். அந்த வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மச்சான் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு, அம்புக்குறி காட்டிய வழியில், கழிப்பறை வழியாக வெளியே போனார்.

மூன்று வாரம் கழித்து முதல் பந்தயம். காலையில் வாசலில் நிதானத்தை நிறுத்தி, அதே கறுப்புத் துப்பாக்கியால் கண்காணிப்பாளர் நெற்றியைப் பார்த்தார். இந்த முறை நிதானம் மட்டும்தான், டயர் எதுவும் கூட இல்லை. முப்பத்தாறு புள்ளி ஏழு.

கண்காணிப்பாளர் நிதானத்தின் படிவத்தைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இயல்பைவிட ஐம்பத்துநாலு டிகிரி குறைவு! நீங்க எப்படி நின்னுக்கிட்டு இருக்கீங்க?"

மச்சானுக்கு யார் சொல்லியனுப்பினார்களோ, கையில் ஹெல்மெட்டோடு ஓடி வந்துவிட்டார்.

"குளுருல நின்னுட்டான். எங்க குடும்பத்துல அப்படித்தான், காத்துப் பட்டா உடனே எறங்கிடும்" என்றார் டயர்க்காரர். "அஞ்சு நிமிஷம் கொடுங்க." நிதானத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி, அதன்மேல் மின்சாரப் போர்வையைத் தலைப்பாகை மாதிரி சுற்றி, திருகைத் தொண்ணூற்றொன்றில் வைத்தார். ஹெல்மெட்டுக்கு மேல் தலைப்பாகை, தலைப்பாகைக்கு மேல் முகக்கவசம். நிதானம் அப்படியே நின்றார். ஐந்து நிமிஷம் கழித்துக் கண்காணிப்பாளர் போர்வையை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார்.

"தொண்ணூற்றொன்று" என்று பெருமூச்சு விட்டார். "பயமுறுத்திட்டீங்களே. இனிமே உடம்பை நல்லாப் பாத்துக்கங்க."

போகும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியையும் கையில் கொடுத்தார். தனிமை முடிந்த கருவி. பழுதான கருவியை அந்தப் பழுதுக்குக் காரணமானவரே தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று நூற்று எழுபத்தேழாம் பக்கத்தில் இருக்கிறதாம். அது தண்டனை.

நிதானம் அன்றைக்கு எட்டாவதாக வந்தார். வண்டியில் கீறல் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மனைவி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்து, தலையில் துண்டோடு கதவைத் திறந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது, மூக்கின் மேல் முகக்கவசத்தின் தழும்பு. நிதானம் பெட்டியை நீட்டினார். மனைவி அதைத் திறந்து, 'கோளாறு' என்று ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, துப்பாக்கியை எடுத்து அவர் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்.

"முப்பத்தாறு புள்ளி ஏழு." தன் நெற்றியிலும் வைத்துப் பார்த்தார். பிறகு, இரண்டு மாதத்துப் பழக்கத்தில், புறங்கையால் அவர் கழுத்தைத் தொட்டுச் சரிபார்த்தார். "நல்லாத்தானே வேலை செய்யுது? நாளைக்குக் காலையில வார்டுக்கு எடுத்துட்டுப் போறேன். முப்பது கட்டிலுக்கு இனி ரெண்டு."

நிதானம் வாசலிலேயே நின்றார். மூன்று வாரத்தில் அவருடைய சூட்டை அவரிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று தோன்றியது.

"எனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை. மனுஷனுக்கு இருக்க வேண்டியதுதான் இருக்கு. கையைக் கழுவிட்டு உள்ள வாங்க, சாப்பிடலாம்."